குழந்தையின் சிறுநீரகக் கல்லும் சிறுதுளைச் சிகிச்சையும்: பெற்றோர் என்னிடம் கேட்டவை

குழந்தைகளுக்கான சிறுநீரக அறுவைச் சிகிச்சைப் பிரிவில், சிகிச்சைக்கு முந்தைய நாள் பெற்றோருடன் உட்கார்ந்து பேசுவது பல ஆண்டுகளாக என் வேலை. மருத்துவர் சொல்லும்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அவர் அறையைவிட்டு வெளியே வந்ததும் "சிஸ்டர், ஒரு சந்தேகம்" என்று தொடங்குவார்கள். முகங்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் குழந்தைக்கு எந்தச் சிகிச்சை என்பதை அதன் ஸ்கேனைப் பார்த்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவும்.

இவ்வளவு சின்னப் பிள்ளைக்குக்கூடக் கல் வருமா? அது பெரியவர்களுக்கு வருவதுதானே?

வரும். பல் முளைக்காத கைக்குழந்தைக்கு வந்தும் பார்த்திருக்கிறேன். சிறுநீரில் கரைந்திருக்க வேண்டிய உப்புகள் அளவு மீறினாலோ, அவற்றைக் கரைத்து வைத்திருக்கும் பொருள்கள் குறைந்தாலோ படிகம் உண்டாகிறது. அது வளர்ந்து கல்லாகிறது. இதற்கு வயது தடையில்லை.

ஆனால் குழந்தைக்குக் கல் வந்தால், "தண்ணீர் சரியாகக் குடிப்பதில்லை" என்ற ஒரே பதிலோடு கடந்துவிட முடியாது. பின்னால் வேறு காரணம் ஒளிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். சிறுநீரில் கால்சியம் கூடுதலாக வெளியேறுவதையும் உப்பைக் கரைத்து வைத்திருக்கும் சிட்ரேட் குறைவாக இருப்பதையும் அடிக்கடி காண்கிறோம். சில பிள்ளைகளுக்குச் சிறுநீர்ப் பாதையின் அமைப்பிலேயே பிறவி அடைப்பு இருக்கும். சிலருக்குக் கிருமித் தொற்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். சிஸ்டின் என்ற பொருள் சிறுநீரில் அளவு மீறி இறங்கும் சிஸ்டினூரியா, கல்லீரல் ஆக்சலேட் என்ற பொருளை அளவு மீறி உண்டாக்கும் முதன்மை ஹைப்பராக்சலூரியா போன்ற பரம்பரை நோய்கள் அரிதானவை, ஆனால் தவறவிடக் கூடாதவை. வலிப்பு நோய்க்குத் தரும் டோபிராமேட் மாத்திரை, அதே நோய்க்கான கீட்டோஜெனிக் உணவுமுறை, குறைமாதக் குழந்தைகளுக்கு நீண்ட நாள் கொடுக்கப்படும், சிறுநீரைக் கூட்டும் ஃப்யூரோசமைடு மருந்து ஆகியவையும் கல்லுக்கு வழிவிடலாம். குழந்தை சாப்பிட்ட மருந்துகளின் பெயர்களையெல்லாம் எழுதிக்கொண்டு வரும்படி நான் நச்சரிப்பது இதனால்தான்.

வயிற்றுவலி என்றுதான் அழுதான். சிறுநீரகம் என்று எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

தெரிந்திருக்காது, உங்களை நொந்துகொள்ள வேண்டாம். விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் அந்தப் பிரசித்திபெற்ற வலியைப் பெரிய பிள்ளைகள்தான் சொல்வார்கள். நான்கு வயதுக் குழந்தை தொப்புளைத்தான் காட்டும். இன்னும் சிறியதென்றால் வாந்தி, காரணமில்லாத அழுகை, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், சிறுநீரில் தொற்று, சிவந்த அல்லது தேநீர் நிறச் சிறுநீர் என்று சுற்றுவழியில்தான் வெளிப்படும். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படும் கற்களும் நிறைய.

அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுத்தார்கள். சி.டி. எடுத்தால்தானே துல்லியமாகத் தெரியும்?

சி.டி. துல்லியமானது என்பது உண்மை. ஆனால் அதில் கதிர்வீச்சு உண்டு. வளரும் உடல் கதிர்வீச்சுக்குக் கூடுதலாகப் பாதிக்கப்படக்கூடியது. குழந்தைக்கு முன்னால் வாழ்நாளும் நீண்டு கிடக்கிறது. கல் திரும்ப வரக்கூடிய நோய் என்பதால் ஸ்கேன்களும் திரும்பத் திரும்பத் தேவைப்படும். அதனால் முதல் பரிசோதனை எப்போதும் அல்ட்ராசவுண்ட்தான். அது சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல்லை நன்றாகக் காட்டும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதியில் சிக்கிய கல்லைச் சில நேரம் தவறவிடும். அறிகுறிகள் வலுவாக இருந்து அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியாதபோதோ, சிக்கலான கல்லுக்குச் சிகிச்சையைத் திட்டமிடும்போதோ, குறைந்த கதிர்வீச்சு அளவில் சி.டி. எடுப்பார்கள். அப்போது மறுக்காதீர்கள்.

நான்கு மில்லிமீட்டர் கல்லாம். உடனே எடுத்துவிட வேண்டாமா?

சிறுநீர்க்குழாயில் இருக்கும் சிறிய கல் தானாக இறங்கிவிடும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. மூன்று மில்லிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் இறங்கும். ஐந்தைத் தாண்டினால் நம்பிக்கை குறைகிறது. உங்கள் குழந்தையின் கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வலி மருந்தால் அடங்குகிறது, காய்ச்சல் இல்லை, வாந்தியில்லாமல் நீர் குடிக்கிறது என்றால் சில வாரங்கள் காத்திருப்பதில் தவறில்லை. குழாயின் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மருந்தைச் சில மருத்துவர்கள் தருவார்கள். அது முதலில் பெரியவர்களின் புராஸ்டேட் தொல்லைக்காக வந்த மருந்து. உறையில் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று பதற வேண்டாம்.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. பொதுவாக நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் இறங்காத கல்லுக்காக மேலும் பொறுக்க மாட்டார்கள். சத்தமில்லாத அடைப்பு சிறுநீரகத்தை உள்ளிருந்தே கெடுக்கும். காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைவது, இருப்பதே ஒரு சிறுநீரகம் என்ற நிலை, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கும் பேச்சே இல்லை.

"கத்தி வைக்காமல் எடுத்துவிடலாம்" என்கிறார்கள். அப்படியென்றால் உண்மையில் என்னதான் செய்வார்கள்?

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலைகளைக் கல்லின்மேல் குவித்து நொறுக்குவது. துகள்கள் சிறுநீரோடு வெளியேறும். 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்குச் செய்யப்பட்ட இந்த முறை, அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே குழந்தைகளுக்கும் வந்துவிட்டது. இரண்டாவது, சிறுநீர் வெளியேறும் வழியாகவே மெல்லிய உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி, சிறுநீர்ப்பையைக் கடந்து குழாய்க்குள் ஏறி, லேசரால் கல்லை உடைப்பது. வளையும் கருவியால் சிறுநீரகத்துக்குள்ளேயே போய்ச் செய்தால் அதை ஆர்.ஐ.ஆர்.எஸ். என்பார்கள். மூன்றாவது, முதுகுப்புறத்தில் ஒரு சிறு துளையிட்டு நேராகச் சிறுநீரகத்துக்குள் நுழைந்து எடுப்பது. பி.சி.என்.எல். என்று சீட்டில் எழுதியிருப்பது இதைத்தான்.

"கத்தி வைக்காமல்" என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. வெளியே தையல் இல்லை என்பதால் உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை என்று பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றுமே முறையான சிகிச்சைகள். மூன்றுக்கும் முன்தயாரிப்பு வேண்டும், மூன்றிலும் ஆபத்து உண்டு. முன்னாளில் விலாவைத் திறந்து செய்த அறுவையோடு ஒப்பிட்டால் வலியும் தழும்பும் மிகக் குறைவு என்பதுதான் அந்தச் சொல்லின் நியாயமான பொருள்.

வெளியிலிருந்து அதிர்வலை அடித்தால் பிஞ்சுச் சிறுநீரகம் தாங்குமா?

தாங்குகிறது. சொல்லப்போனால் உடைந்த துகளை வெளியேற்றுவதில் குழந்தைகள் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களின் சிறுநீர்க்குழாய் குட்டையானது, நன்றாக நெகிழக்கூடியது. உடலும் சிறியது என்பதால் அலை வழியில் அதிகம் சிதறாமல் கல்லைச் சேர்கிறது. குறைந்த ஆற்றலில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். ஒரு முறைக்குச் சுமார் இரண்டாயிரம் அலைகள் வரை போகும். சின்னக் குழந்தையின் நுரையீரல் சிறுநீரகத்துக்கு மிக அருகில் இருப்பதால், அந்தப் பக்கம் அலை படாதபடி நுரைத்தகடு வைத்து மறைப்பார்கள்.

பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகலாம்; முதுகில் கன்றிய தடம் தெரியலாம். சிகிச்சை பெற்ற குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் சிறுநீரகத்தின் வளர்ச்சி இதனால் தடைபட்டதாகத் தெரியவில்லை. ரத்தம் உறைவதில் கோளாறு உள்ள குழந்தைக்கும், தொற்று இன்னும் அடங்காத குழந்தைக்கும், கல்லுக்குக் கீழே அடைப்பு உள்ள குழந்தைக்கும் இதைச் செய்யக் கூடாது. எல்லாக் கல்லும் உடையவும் உடையாது. சிஸ்டின் கல் அதிர்வலைக்கு லேசில் மசியாது.

என் மாமாவுக்கு விழித்திருக்கும்போதே அதிர்வலை கொடுத்தார்கள். குழந்தைக்கு மட்டும் ஏன் மயக்க மருந்து?

உங்கள் மாமா அரை மணிக்குமேல் அசையாமல் படுத்திருந்தார். ஐந்து வயதுப் பிள்ளை படுத்திருக்குமா? பிள்ளை அசைந்தால் குவியம் கல்லைவிட்டு விலகி, அடி அக்கம்பக்கத்துத் திசுவில் விழும். சுமார் பத்து வயதுக்குக் கீழே பொதுவாக முழு மயக்கம்தான்; அதற்கு மேல் பிள்ளையின் பக்குவத்தைப் பொறுத்தது. மற்ற இரண்டு முறைகளுக்கும் எந்த வயதுக் குழந்தைக்கும் முழு மயக்கம் வேண்டும்.

இந்த மயக்க மருந்தை மூளை வளர்ச்சியோடு சேர்த்துப் பலரும் கவலைப்படுகிறார்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மூன்று வயதுக்குக் கீழே மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கமும், திரும்பத் திரும்பக் கொடுக்கப்படும் மயக்கமும் கவனத்துக்குரியவை என்றது அது. ஒரே முறை, குறுகிய நேரம் மயக்கம் பெற்ற கைக்குழந்தைகளை ஐந்து வயதில் சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வில் அறிவுத்திறனில் வேறுபாடு காணப்படவில்லை. ஒருமுறை குறித்து அஞ்சாதீர்கள்; மொத்தம் எத்தனை முறை என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சிஸ்டர், மூன்றில் எது நல்லது?

எந்தக் கல்லுக்கு, எங்கே இருக்கும் கல்லுக்கு என்று திருப்பிக் கேட்பேன். பொதுவான வழக்கம் இது: சிறுநீரகத்தில் இரண்டு சென்டிமீட்டர் வரை உள்ள கல்லுக்குப் பெரும்பாலும் அதிர்வலையை முதலில் யோசிப்பார்கள். அதைவிடப் பெரியதற்கும், மான்கொம்புபோல் கிளைவிட்ட கல்லுக்கும் முதுகுத்துளை. சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் சிக்கியதற்கு உள்நோக்கி. சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் கிண்ணங்களில் கீழே இருக்கும் அடிக்கிண்ணத்தில் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய கல் தனி ரகம். அதிர்வலையில் உடைந்தாலும் துகள்கள் கிணற்றடி மணல்போல் அங்கேயே தங்கிவிடும்.

ஆனால் பெற்றோர் வேறொரு கணக்கும் போட வேண்டும் என்பேன். உடலில் எவ்வளவு சிறிய துளை என்பதை மட்டும் பார்க்காமல், கல் முழுவதும் போய்ச் சேர மொத்தம் எத்தனை மயக்கம் ஆகும் என்று எண்ணுங்கள். அடிக்கிண்ணத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் கல் என்று வைத்துக்கொள்வோம். அதிர்வலை என்றால் துளையே இல்லை, ஆனால் இரண்டு மூன்று அமர்வுகள் ஆகலாம். உள்நோக்கி என்றாலும் துளை இல்லை. குழாய் குறுகலாக இருந்தால் முதலில் அதற்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலை வைக்க ஒருமுறை, கல் எடுக்க ஒருமுறை, ஸ்டென்ட் எடுக்க ஒருமுறை என்று மூன்றாகிவிடும். முதுகில் சிறுதுளையிட்டால் ஒரே மயக்கத்தில் முடிந்துவிடும் வாய்ப்பு அதிகம். கேட்க மென்மையாக இருப்பது கணக்கில் நீளமாகிவிடுகிறது. அதே குழந்தைக்குச் சிறுநீரகத்தின் நடுவில் எட்டு மில்லிமீட்டர் கல் என்றால் கணக்கு தலைகீழாகி, ஒரே அதிர்வலையில் முடியலாம்.

முதுகில் துளை என்றதும் எனக்குக் கை கால் ஆடிவிட்டது. எவ்வளவு பெரிய துளை?

பெரியவர்களுக்கு வழக்கமாகப் போடும் துளை எட்டு முதல் பத்து மில்லிமீட்டர். 1976-ல் ஸ்வீடனில் இந்த வழியாக முதன்முதலில் திட்டமிட்டுக் கல் எடுத்ததிலிருந்து நெடுநாள் அதே அளவுக் கருவிகளைத்தான் குழந்தைகளுக்கும் பயன்படுத்தினார்கள். குழந்தைச் சிறுநீரகத்துக்கு அது பெரிய வாசல். 1990-களின் பிற்பகுதியில் குழந்தைகளுக்கென்றே, கருவி நுழையும் குழல்போன்ற உறைகளை மெல்லியதாகக் கொண்டு செய்து பார்த்தார்கள். 1998-ல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரையில் சொல்லப்பட்ட உறை 11 பிரெஞ்ச் அளவு. மூன்று பிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். ஆக நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. "மினி" என்று இன்று பெரியவர்களும் கேட்டு வாங்கும் முறைக்குக் குழந்தைகள்தான் வழிகாட்டிகள் என்பதில் எனக்குச் சின்னப் பெருமை.

துளை சிறுத்தால் ரத்தப்போக்கு குறைகிறது. கல்லைத் துண்டு துண்டாக உடைத்து எடுக்க நேரம் கூடுகிறது. அதனால் மிகச் சிறிய துளைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்; பெரிய கல்லைச் சாவித்துவாரத்தின் வழியே எடுக்கச் சொல்வதுபோல் ஆகிவிடும். ரத்தப்போக்கு, தொற்று, அரிதாகப் பக்கத்து உறுப்பில் காயம் ஆகியவை இந்த முறையின் ஆபத்துகள். உள்ளே பாய்ச்சும் உப்புநீரால் சின்ன உடல் சீக்கிரம் குளிர்ந்துபோகும். அதைத் தடுக்கத்தான் நீரை உடல்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, அறையையும் சூடாக வைத்திருப்பார்கள். அறுவை அரங்கில் எல்லோரும் வியர்த்துக்கொண்டு நின்றால் உள்ளே கைக்குழந்தை இருக்கிறது என்று பொருள்.

சிறுநீர் போகும் வழியில் கருவியை விட்டால் அந்த இடம் பிற்காலத்தில் கெட்டுவிடாதா? ஆண் பிள்ளை வேறு.

இதைக் கேட்கும்போது தந்தையர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். குழந்தைகளுக்கான விறைப்பான உள்நோக்கியின் முனை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான். வளையும் கருவி இரண்டரை மில்லிமீட்டர் அளவில் வரும். நுழையாத இடத்தில் வலிந்து தள்ளக் கூடாது என்பதுதான் முதல் பாடம். சிறுநீர் வெளியேறும் வழி பிற்காலத்தில் சுருங்குவது நடக்கக்கூடியது, ஆனால் அரிது. கருவியின் அளவும் செலுத்தும் கையின் பொறுமையும் சரியாக இருந்தால் இன்னும் அரிது. இனப்பெருக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

உள்ளே போய்விட்டுக் கல்லை எடுக்காமலே திரும்பிவிட்டார்கள். தோல்விதானே இது?

நல்ல மருத்துவரின் அடையாளம் இது. குழந்தையின் சிறுநீர்க்குழாய் சில நேரம் கருவிக்கு இடம் கொடுக்காது. வலிந்து ஏற்றினால் குழாய் கிழியலாம். ஆறும்போது தழும்பாகச் சுருங்கி, வாழ்நாள் அடைப்பாகலாம். அதனால் ஒரு ஸ்டென்ட்டை மட்டும் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் குழாய் தானாகவே அகன்றுகொடுக்கும். அடுத்த முறை கருவி எளிதாகப் போகும். மேலே சொன்ன மயக்கக் கணக்கில் ஒன்று கூடுகிறது என்பது உண்மைதான். இப்படி ஆகலாம் என்பதை முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததுதான் எங்கள் பிழை.

ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு ஓடுகிறாள். சிறுநீரும் சிவப்பாக இருக்கிறது.

ஸ்டென்ட் என்பது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை கிடக்கும் மெல்லிய குழல். இரண்டு முனையும் சுருண்டிருக்கும், டி.ஜே. என்று எழுதுவார்கள். கீழ்ச்சுருள் சிறுநீர்ப்பையை உறுத்துவதால் அடிக்கடி போகத் தோன்றும், போகும்போது விலாவில் சுருக்கென்று வலிக்கும், ஓடி விளையாடினால் சிறுநீர் சிவக்கும். நீர் அதிகம் குடித்தால் தெளியும். தொல்லை மிஞ்சினால் சிறுநீர்ப்பையைச் சாந்தப்படுத்தும் மருந்து இருக்கிறது. சகித்துக்கொள்ளச் சொல்லிக் குழந்தையைத் திட்ட வேண்டாம். ரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ உடனே வாருங்கள்.

ஸ்டென்ட்டை வைத்ததை மறந்துவிடுவதுதான் இந்தப் பக்கத்திலேயே என்னை அதிகம் பயமுறுத்தும் விஷயம். வலி போனதும் குடும்பம் ஊர் திரும்பிவிடும், தேதி தவறிவிடும். மாதக்கணக்கில் உள்ளே கிடந்த ஸ்டென்ட்மேல் உப்பு படிந்து அதுவே கல்லாகிவிடும். பிறகு அதை எடுக்கத் தனிச் சிகிச்சை, சில நேரம் இரண்டு மூன்று சிகிச்சைகள். எடுக்கும் தேதியைச் சீட்டில் மட்டும் நம்பியிருக்காமல் கைப்பேசியில் நினைவூட்டலாக வையுங்கள். வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். சில நாள் மட்டும் இருக்கப்போகும் ஸ்டென்ட்டின் முனையில் நூல் கட்டி வெளியே விட்டிருந்தால் மயக்கமில்லாமலே இழுத்துவிடலாம். அது உங்கள் குழந்தைக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். கையைச் சும்மா வைத்திருக்காத பிள்ளைக்கு நூல் சரிப்படாது.

காய்ச்சலோடு துடிக்கிறான், கல் அடைத்திருக்கிறது என்கிறார்கள். ஆனால் கல்லை இப்போது எடுக்க மாட்டார்களாம். இது என்ன நியாயம்?

அடைப்புக்கு மேலே தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகியிருக்கிறது. இந்த நேரத்தில் உள்ளே நீரைப் பாய்ச்சிக் கல்லை உடைத்தால், அந்த அழுத்தத்தில் கிருமி ரத்தத்துக்குள் தள்ளப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். அதனால் முதலில் ஒரு ஸ்டென்ட்டோ, முதுகு வழியாக ஒரு வடிகுழாயோ வைத்துத் தேங்கியதை வடிய விடுவார்கள். கிருமிக்கொல்லி மருந்தும் கொடுப்பார்கள். காய்ச்சல் தணிந்து தொற்று முற்றிலும் அடங்கியபின் கல்லுக்குத் தேதி. அவசரம் வடிப்பதில் இருக்கிறது. கல் சில வாரம் காத்திருக்கும். கல் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால், அது சாதாரணக் காய்ச்சலா என்று வீட்டிலேயே ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். இரவென்றாலும் புறப்படுங்கள்.

எல்லாம் முடிந்து எடுத்த ஸ்கேனில் மூன்று மில்லிமீட்டர் துணுக்கு மிச்சமாம். அதைப் பெரிதுபண்ண வேண்டாம்தானே?

பெரியவர்களுக்கு அப்படிச் சொல்லும் வழக்கம் இருந்தது. குழந்தைகளில் மிச்சத் துணுக்குகள் சும்மா இருப்பதில்லை. அவை வளர்வதும், பின்னாளில் இறங்கி வந்து குழாயை அடைப்பதும் உண்டு. உடலில் கல் உண்டாகும் கோளாறு இருப்பவர்களிடம் இது இன்னும் அதிகம். தொற்றால் உண்டான கல்லில் துணுக்குக்குள்ளேயே கிருமி குடியிருக்கும். அதனால் துளியும் மிச்சமில்லாமல் எடுப்பதுதான் இலக்கு. ஆனாலும் மூன்று மில்லிமீட்டருக்காக நாளைக்கே இன்னொரு மயக்கம் கொடுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். சில மாதங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், நிறைய நீர், காரணத்துக்கான மருந்து என்று கண்காணிப்பார்கள்.

அப்படியென்றால் பழையபடி திறந்து செய்யும் அறுவை இப்போது கிடையவே கிடையாதா?

மிகவும் குறைந்துவிட்டது. சிறுநீரகத்தின் வாயிலேயே பிறவி அடைப்பு இருந்து, அதனால் கல் சேர்ந்திருந்தால், அடைப்பைச் சரிசெய்யும் அறுவையின்போதே கல்லையும் எடுத்துவிடுவார்கள். அதையும் இன்று பெரும்பாலும் லேப்ராஸ்கோப் வழியாகச் செய்ய முடிகிறது. முதுகெலும்போ கைகால்களோ மிகவும் வளைந்து, கருவியைச் செலுத்தும் நிலையில் படுக்க வைக்க முடியாத குழந்தைக்குத் திறந்த அறுவையே பாதுகாப்பாக இருக்கலாம்.

எப்போது வீட்டுக்குப் போகலாம், எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்?

அதிர்வலையும் எளிமையான உள்நோக்கிச் சிகிச்சையும் முடிந்தால் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு. முதுகுத்துளை என்றால் சில நாள்கள். பள்ளிக்கு ஒரு வாரத்தில் போகலாம். துளை போட்டிருந்தால் குதித்து, மோதி விளையாடுவதை மட்டும் மருத்துவர் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். ஆசிரியருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்: கேட்டபோதெல்லாம் கழிப்பறைக்கு விடவும், தண்ணீர்ப் புட்டியை மேசைமேல் வைக்க அனுமதிக்கவும் வேண்டும் என்று. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கல்லில் கால்சியம் இருக்கிறதாம். பாலை நிறுத்திவிட்டோம். சரிதானே?

சரியில்லை, இன்றே திரும்பக் கொடுங்கள். உணவில் உள்ள கால்சியம், கல்லில் அதோடு சேரும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. கால்சியத்தைக் குறைத்தால் ஆக்சலேட் உடலில் ஏறி, சிறுநீரில் இறங்கி, கல்லுக்குத் தீனியாகும். எலும்பு வளரும் வயதில் அதற்கும் நட்டம். குறைக்க வேண்டியது உப்பு. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். கூட்ட வேண்டியது தண்ணீர். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் என்று ஒரு கணக்கு உண்டு. இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஏறத்தாழ 1.2 லிட்டர் வரும். கணக்கு பார்க்க அலுப்பாக இருந்தால் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிறிய மஞ்சளாக இருந்தால் போதும்.

எடுத்தாகிவிட்டது, அப்புறம் எதற்கு 24 மணி நேரச் சிறுநீரைப் பிடிக்கச் சொல்கிறார்கள்? இனி வராதுதானே?

வரக்கூடும். முதல் பதிலில் சொன்ன காரணம் உள்ளேயே இருக்கிறது. நாம் அதன் விளைவை மட்டும்தான் எடுத்திருக்கிறோம். எந்தப் பொருள் கூடுதல், எது குறைவு என்று அந்த ஒருநாள் சிறுநீர் சொல்லும். சிறுநீரை அடக்கத் தெரியாத சின்னக் குழந்தைக்கு ஒருவேளைச் சிறுநீரில் கால்சியத்துக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். கல்லையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் விழுந்த துகளைக் கழுவிக் குப்பையில் போட்டுவிடாமல், வடிகட்டிப் பிடித்து ஒரு சிறு புட்டியில் கொண்டு வாருங்கள்.

காரணம் தெரிந்தால் செய்வதற்கு வழி இருக்கிறது. சிட்ரேட் குறைவென்றால் பொட்டாசியம் சிட்ரேட். சிஸ்டினூரியா என்றால் இரவிலும் எழுப்பி நீர் கொடுப்பது, சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைப்பது. முதன்மை ஹைப்பராக்சலூரியாவின் முதல் வகைக்கு, கல்லீரலில் ஆக்சலேட் உற்பத்தியையே குறைக்கும் லுமாசிரான் ஊசி 2020-ல் ஒப்புதல் பெற்றது. இந்த நோயில் கல்லை எத்தனை முறை திறமையாக எடுத்தாலும் காரணத்தைக் கவனிக்காவிட்டால் சிறுநீரகமே போய்விடும்.

இரண்டு மருத்துவர்களைப் பார்த்தோம். ஒருவர் அதிர்வலை என்கிறார், ஒருவர் துளை என்கிறார். யாரை நம்புவது?

இருவரும் சரியாகச் சொல்லியிருக்கக்கூடும். ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உள்ள கற்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் பொருந்தும். அங்கே மருத்துவரின் கைப்பழக்கமும் இருக்கும் கருவிகளும் முடிவைத் தீர்மானிக்கின்றன. குழந்தை அளவுக் கருவி இல்லாத இடத்தில் துளையைவிட அதிர்வலை நல்லது. அதிர்வலை எந்திரம் பழையதாக இருக்கும் இடத்தில் துளை நல்லதாகலாம். இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: இந்த எடையுள்ள குழந்தைகளுக்கு இதை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் இருக்கிறாரா? ஸ்டென்ட் எடுப்பது உட்பட மொத்தம் எத்தனை மயக்கம்? முதல் முயற்சி பலிக்காவிட்டால் அடுத்தது என்ன? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

சிஸ்டர், என் கல்லை எனக்கே கொடுத்துவிடுவார்களா?

கேட்டவனுக்கு ஏழு வயது. பெற்றோர் யாரும் இதைக் கேட்டதில்லை. பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். அதிர்வலையிலும் லேசரிலும் கல் பொடியாகிவிடும், கொடுக்க ஒன்றும் இருக்காது. முதுகுத்துளை வழியாக எடுத்தால் துண்டுகள் கிடைக்கும். ஆய்வகத்துக்குப் போக மிச்சமிருந்தால் மூடியிட்ட சின்னப் புட்டியில் போட்டுக் கொடுப்பேன். அவன் அதை வகுப்பில் எல்லோருக்கும் காட்டிவிட்டு, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தான்.